நம்ம வீட்டு நாயும் ஊர்க் குழாயடியும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருக்கிற விஷயத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பீர்கள். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுகிற இடத்தில், நாய் ஒண்ணுக்குப் போறதைப் பத்திப் பேச வந்துட்டாங்களே இந்த மேடம் என்று நினைப்பீர்கள். சிரிங்க, பரவாயில்லை. ஆனால் நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு இந்த ஒரு விஷயத்தால் இரண்டு மாதம் கூட்டமே போடாமல் கிடந்தது. அதனால்தான் பேசுகிறேன்.

குழுப் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தக் குழுவில் சிலர் சேர்ந்து வெயில் காலத்தில் வடகம் போட்டு விற்கிறார்கள். விடியறதுக்கு முன்னாடியே கூழ் காய்ச்சி, தெருவிலேயே பாய் போட்டு, மேலே பழைய வேட்டியை விரித்துப் பிழிந்து காய வைப்பார்கள். ஒரு நாள் காலையில் குழு ஊக்குநர் வீட்டு நாய் வந்து பாயின் ஓரத்தில் காலைத் தூக்கிவிட்டது. பார்த்த அக்கா ஒருவர் சத்தம் போட, அத்தனை வடகத்தையும் குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. உளுந்து, ஜவ்வரிசி எல்லாம் உள்கடன் வாங்கிப் போட்ட சரக்கு.

"உன் நாயைக் கட்டி வைக்க மாட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஊக்குநர் என்ன சொன்னார் தெரியுமா? "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்? தெருவுல காயப் போட்டது உங்க தப்பு" என்றார். மறுநாள் யாரோ கல்லால் அடித்து அந்த நாயின் கால் ஒடிந்தது. அதோடு முடிந்தது. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, சேமிப்பு வரவில்லை, வங்கித் தவணை நின்றது. ஏதோ பணப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். கணக்கு நோட்டு, ரசீது எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்த பிறகு, கிளம்புகிற நேரத்தில் ஒரு பாட்டி சொன்னார்: "நோட்டுல ஒண்ணும் இல்ல தாயி, எல்லாம் அந்த நாய் மூத்திரத்தால வந்தது."

ஊக்குநர் சொன்னதில் பாதி சரிதான். நாய்க்குத் தெரியாது. அது கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆண் நாய் ஒண்ணுக்கு வந்தால் மட்டும் காலைத் தூக்குவதில்லை. இது என் எல்லை, நான் இந்த வழியா வந்தேன் என்று மற்ற நாய்களுக்குச் சொல்லத்தான் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு போகிறது. அதற்குத் தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கிற பொருள் வேண்டும். கம்பம், குழாய், வண்டிச் சக்கரம், வாசல் படி, கட்டில் கால் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒரு நாய் விட்ட இடத்தில் அடுத்த நாயும் வந்து விடும். அதனால்தான் ஒரே கம்பம் எப்போதும் நனைந்தே இருக்கிறது. நாய்க்குத் தெரியாது என்றால் தெரிந்தவர்கள் யார்? காலையில் சோறு வைக்கிறவர்கள்தானே? ஊக்குநர் விட்டுவிட்ட மறுபாதி அதுதான்.

நான் உங்களுக்கு மட்டும் உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. டவுனில் வாடகை வீடு, குறுகிய தெரு. காலையில் கதவைத் திறந்து விட்டுவிடுவேன், அதுவே போய்விட்டு அதுவே வரும். எதிர் வீட்டில் பூக்கட்டி விற்கிற அம்மா ஒருத்தர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உன் நாய்க்கு என் வாசப்படிதான் கெடச்சுதா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெருவில் எத்தனையோ நாய் சுற்றுகிறது, எங்கள் நாய்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஊர் ஊராகப் போய் சுகாதாரம் பேசுகிறவள் நான்! அடுத்த வாரம் ஒரு நாள் சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டி இருட்டோடு எழுந்தேன். அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, படியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகுதான் கோலம் போட்டார். அவர் போட்டு முடிக்கும்போது எங்கள் நாய் என் காலடியிலிருந்து எழுந்து நேராக அங்கேதான் போனது. எத்தனை மாதமாக இப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்களில் நாய் யாருடையது என்று கேட்டால் வீட்டு ஆம்பளைகள் பெருமையாக "நம்ம நாய்" என்பார்கள். அது அசிங்கம் செய்த இடத்தைக் கழுவுவது யார்? சொந்த வாசலாக இருந்தாலும் அடுத்த வீட்டு வாசலாக இருந்தாலும் கழுவுகிறது ஒரு பெண்தான். பொது இடமாக இருந்தால் தூய்மைக் காவலர். அவர்களிலும் நிறைய பேர் நம்ம குழுக்களில் இருக்கிற சகோதரிகள்தான். இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி நோய் விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எலிக்காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். இந்தக் கிருமியைப் பரப்புவதில் எலிதான் முதல் குற்றவாளி, எல்லாப் பழியையும் நாய் மேல் போட முடியாது. ஆனால் நாய், மாடு, பன்றி இவற்றின் மூத்திரத்திலும் இந்தக் கிருமி வெளியே வரும். கிருமி இருக்கிற நாய் பல சமயம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஓடும், சாப்பிடும். ஆனால் வாரக்கணக்கில், சில நாய்கள் மாதக்கணக்கில் கூட, மூத்திரம் வழியாகக் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் கிருமிக்கு வெயிலும் காய்ச்சலான மண்ணும் ஆகாது. காய்ந்தால் செத்துவிடும். ஈரமும் தேங்கின தண்ணீரும் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இப்போது சொல்லுங்கள், நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஈரம் காயாத இடம் எது? குழாயடி. அங்கே வெறுங்காலோடு நிற்கிறவர்கள் யார்? நாம்தான். கால் பித்தவெடிப்பிலும், கையில் அரிவாள் கீறினதிலும், கண் வழியாகவும் கிருமி உள்ளே போகும். நடவு வேலைக்குப் போய் நாள் முழுக்க தண்ணீரில் ஊறின காலுக்குப் பெரிய காயம் கூட வேண்டியதில்லை.

கிருமி புகுந்த இரண்டு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வரலாம். திடீரென்று கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி இருக்கும். முக்கியமாகக் கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும். முற்றினால் கண் மஞ்சளாகும், மூத்திரம் குறையும், சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகும். மஞ்சளைப் பார்த்ததும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாலு நாளை வீணாக்காதீர்கள். ஆரம்பத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "தண்ணியில நின்னு வேலை செய்யறேன், நாய், எலி நடமாட்டம் உள்ள இடம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் அதைக் கேட்டால் சீக்கிரம் சந்தேகப்படுவார். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிற நோய்தான் இது.

வெறிநாய்க்கடி நோய் மூத்திரத்தால் வருமா என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். வராது. அது கடியாலும் எச்சிலாலும் வருவது. ஆனால் நாயின் மலத்தில் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழு முட்டையும் இருக்கும். அங்கன்வாடி வாசல் மண்ணில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நோயை விட வேகமாகப் பரவுகிறது ஒன்று இருக்கிறது. ஒரு தெரு நாய் இன்னொரு தெருக் குழாயடியில் காலைத் தூக்கினால் அது நாய்ச் சண்டையாக நிற்பதில்லை. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்குத் தெருப் பேர் தெரியாது, நமக்குத்தான் தெரியும். இரண்டு தெருவிலிருந்தும் உறுப்பினர்கள் ஒரே பாயில் உட்காரும்படி குழு அமைக்க நாம் எத்தனை வருஷம் பாடுபட்டோம்! அதைக் கலைப்பதற்கு ஒரு நாய் போதும் என்று ஆகக் கூடாது.

சரி, என்ன செய்வது? நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்பார்கள். வாலை நிமிர்த்த வேண்டாம், நேரத்தையும் இடத்தையும் பழக்கினால் போதும். நாய் தூங்கி எழுந்ததும் போகும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் போகும். நாம் செய்கிற தப்பு என்னவென்றால், ராத்திரி முழுக்க, இல்லையென்றால் பகல் முழுக்க கட்டிப் போட்டுவிட்டு, அவிழ்த்ததும் அப்படியே தெருவில் விடுகிறோம். அடக்கி வைத்திருந்தது முதலில் கண்ணில் படுகிற கம்பத்துக்குத்தானே ஓடும்? கயிற்றோடு கூட்டிக்கொண்டு போய், முதலில் அந்த வேலையை முடிக்க வைத்து, பிறகு அவிழ்த்து விடுங்கள்.

தினமும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத, கிணறும் போர்குழாயும் பக்கத்தில் இல்லாத இடம். கொல்லைப்புறத்தில் ஒரு மூலையில் மணல் கொட்டி வைத்தாலும் போதும். கீரைப் பாத்தி ஓரம் வேண்டாம், செடி கருகும், கீரையைச் சாப்பிடவும் முடியாது. அது முன்பு போன இடத்து ஈர மண்ணைக் கொஞ்சம் எடுத்துப் புது இடத்தில் போட்டால் வாடை பிடித்து அங்கேயே போகும். போனதும் தடவிக்கொடுங்கள், ஒரு துண்டு ரொட்டி போடுங்கள். அடிப்பதும் மூஞ்சியைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். அடி வாங்கின நாய் இடத்தை மாற்றாது, உங்கள் கண்ணில் படாமல் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் நாய்க்கு மூன்று வாரம் ஆயிற்று. இப்பவும் மழை நாளில் தவறும். அப்போது நான் வாளியோடு எதிர் வீட்டுப் படிக்குப் போகிறேன்.

ஆண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்தால் நிறைய நாய்களில் இந்த அங்கங்கே காலைத் தூக்குகிற பழக்கமும் ஊர் சுற்றுவதும் குறையும். வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். எலிக்காய்ச்சலுக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, வருஷா வருஷம் போட வேண்டியது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

குழாயடியில் அசிங்கம் ஆகிவிட்டால் முதலில் நிறைய தண்ணீர் ஊற்றி அலசித் தள்ளுங்கள். அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர். மூத்திரத்தின் மேலேயே பவுடரைக் கொட்டினால் நெடி கிளம்பி மூச்சை அடைக்கும். பவுடரோடு ஆசிட்டையும் சேர்த்து ஊற்றக் கூடாது, அது விஷப் புகை. அலசின தண்ணீர் தேங்காமல் ஓட வாய்க்கால் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது கிராம சபையில் நாம் கேட்க வேண்டிய வேலை.

ஜப்பான் நாட்டில் நாயோடு நடக்கப் போகிறவர்கள் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பார்கள். நாய் எங்கே போகிறதோ அங்கே உடனே ஊற்றிவிடுவார்கள். அங்கே சுசுகா என்ற ஊரில் 2021-ல் ஒரு சிக்னல் கம்பம் அடியோடு சாய்ந்துவிட்டது. ஐம்பது வருஷம் நிற்க வேண்டிய கம்பம், 23 வருஷத்திலேயே விழுந்தது. போலீஸார் ஆராய்ந்து பார்த்து, நாய்கள் தினமும் அதே இடத்தில் போய்ப் போய் இரும்பு அரித்ததுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். இரும்புக்கே அந்தக் கதி. நம்ம ஊர் தெருவிளக்குக் கம்பத்தின் அடியையும் ஒரு நாள் குனிந்து பாருங்கள்.

அந்த வடகக் குழு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாவது மாதம் கூட்டம் போட்டோம். வடகத்துக்கு ஆன செலவில் பாதியை ஊக்குநர் கொடுத்தார். மீதியைக் குழு ஏற்றுக்கொண்டது. காய வைக்க இடுப்பு உயரத்தில் மூங்கில் பரண் கட்டி மேலே வலை போட்டார்கள். வீட்டு நாய் வைத்திருக்கிற உறுப்பினர்கள் விடியற்காலையில் கருவேலங்காட்டுப் பக்கம் கூட்டிப் போக வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கல்லெறிந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் கட்டுப் போட மருந்தகத்துக்குப் போன ஆட்டோச் செலவை ஒருத்தர் ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சத்தம் போட்ட அக்காவும் ஊக்குநரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. கூட்டத்துக்கு வருகிறார்கள், தவணை கட்டுகிறார்கள். நாய் ஒரு காலை நொண்டிக்கொண்டு ஊக்குநர் பின்னாலேயே வந்து, கூட்டம் முடிகிற வரை வாசலில் கயிற்றோடு படுத்திருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கால்நடை மருத்துவரை அழைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவில் எத்தனை வீட்டில் நாய் இருக்கிறது, எதற்கெல்லாம் ஊசி போட்டாயிற்று என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் நாலு வீட்டில் சோறு தின்கிற நாய்களை மறுபக்கத்தில் தனியாக எழுதுங்கள். சோறு வைக்கிற நாலு வீட்டின் பெயரையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.