நட்டந்தரும் மருந்துத் துண்டு

மன்னார்த் தீவின் தோட்டவெளி போன்ற ஊரொன்றிலே தனியார் மருந்துக்கடை ஒன்று நடப்பதாகக் கொள்வோம். அரசினர் வைத்தியசாலையில் மருந்து கையிருப்பில் இல்லாத நாட்களில், வெளியே வாங்கும்படி எழுதிக்கொடுத்த துண்டுடன் மக்கள் அங்கே வருகின்றனர். வியாபாரத்துக்குக் குறைவில்லை, ஆயினும் ஆண்டிறுதியிற் கைமுதல் தேய்ந்திருக்கிறது. காரணம் யாது?

முதலாளி உடனே விலைக் கட்டுப்பாட்டைச் சுட்டுவார். அதில் உண்மை இல்லாமலில்லை. 2016இல் அரசு 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தது. 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, பழைய விலைக்கு விற்ற பணம் புதிய பெட்டி வாங்கப் போதவில்லை. ஆனால் அவ்வாண்டிலேயே மருந்துகளின் உச்ச விலைகளும் உயர்த்தப்பட்டன. பழி முழுவதையும் அதன்மேற் சுமத்துமுன் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

வைத்தியர் ஒருவர் வணிகப் பெயரொன்றைக் குறித்து எழுதுகிறார். கடைக்காரர் 100 குளிசை கொண்ட பெட்டியொன்றை 1,000 ரூபாவுக்குத் தருவித்து, குளிசை 12 ரூபா வீதம் விற்கிறார். துண்டுக்குத் துண்டு இலாபமே தெரிகிறது. 70 குளிசை விற்றபின் வேறொரு வைத்தியர் மாற்றலாகி வந்து, அதே மருந்தை வேறு பெயரில் எழுதத் தொடங்குகிறார். மிஞ்சிய 30 குளிசையும் அலமாரியிலே காலாவதியாகின்றன. வரவு 840 ரூபா. நட்டம் 160 ரூபா! இலாபமென்று எண்ணிய துண்டுகளே நட்டந்தந்தவை என்பதை அன்றாடக் கல்லாப்பெட்டி சொல்வதேயில்லை.

ஒரே மருந்துக்குப் பல பெயர் வழங்கும் இத்தொல்லையைப் பேராசிரியர் சேனக பிபிலே நன்கறிந்தவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக, பொதுப்பெயரால் மொத்தமாகக் கேள்வி கோரி மருந்து வாங்கும் முறையை அவர் நடத்திக் காட்டினார். அவர் கருதியது நாட்டின் அந்நியச் செலாவணியையும் ஏழை நோயாளியையுமே. சிற்றூர்க் கடையின் அலமாரிக்கும் அது பொருந்துகிறது.

கடனும் உண்டு. வாடைக்காற்றுக் காலத்திலே தொழிலுக்குப் போகாத மீனவரின் பிள்ளைக்கு மருந்து இல்லையென எவர் சொல்வார்? 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் வைக்கவேண்டிய இன்சுலினும், அதற்கான மின்சாரச் செலவும் வேறு.

துண்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே கொள்விலை, விற்றவிலை, பெட்டியில் எஞ்சியது, பணம் கைக்கு வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துவந்தால், சில மாதங்களிலே நட்டத்தின் ஊற்று புலப்படும். எஞ்சிய பெட்டிகளின் பட்டியலைக் கடைக்காரர் வைத்தியரிடமே கொண்டுபோய்க் காட்டலாம். பொதுப்பெயரில் எழுத அவர் இசைந்தால், 5 பெட்டி அடைத்திருந்த இடத்தில் ஒன்றே போதும்.