கண் திறவாத கணினி



2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரமின்றி நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணமென அமைச்சர் கூற, நாடே சிரித்தது. வெள்ளவத்தையில் எங்கள் அயல்வீட்டு மாணவனுக்கோ சிரிப்பு வரவில்லை. அவ்வேளையில் அவனது மடிக்கணினி தன் பயோஸ் நிரலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. மின்கலமோ பழையது, நிறைந்திருப்பதாகக் காட்டிவிட்டுச் சற்று நேரத்திற் கைவிட்டது.

பயோஸ் என்பது, கணினியை முடுக்கியதும் அது முதன்முதலாகப் படிக்கும் கட்டளைத் தொகுதி. பெரும்பாலும் தாய்ப்பலகையில் எட்டுக் கால்களுடைய சிறு சிப் ஒன்றிலே அது குடியிருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதும்போது இடையில் மின்சாரம் நின்றால், பாதி எழுதிய ஏடாகவே அது எஞ்சும். விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மாத்திரம் இருண்டிருக்கும்.

மறுநாள் கடையொன்றில், தாய்ப்பலகையையே மாற்றவேண்டும் என்றார்கள். பட்டப்படிப்பு ஆய்வுரை போய்விட்டதென்று தாயார் கண்கலங்கினார். பயோஸ் கெட்டதனால் வட்டிலுள்ளவை அழிவதில்லை என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

முதலிற் செய்யத்தக்கது எளிது. அதே மாதிரிக் கணினிக்குரிய மீட்புக் கோப்பை, உற்பத்தியாளர் கூறும் முறைப்படி வேறொரு கணினியில் யூ.எஸ்.பி. நினைவகமொன்றில் ஏற்றவேண்டும். எச்.பி. கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தியபடி முடுக்குவர். டெல் கணினிகள் பலவற்றில் கொன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடி மின்னேற்றியைச் செருகுவர். இவனுக்கு அது பலிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில், மாடிப்படியின் கீழே சிறு மேசை போட்டிருக்கும் முதியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். “தம்பி, அவசரப்படவேண்டாம்” என்றவர், மின்கலத்தைக் கழற்றிவிட்டு, சிப்பின் மேலிருந்த எண்ணை உருப்பெருக்கியால் வாசித்தார். சில சிப்புகளுக்கு 3.3 வோல்ற்று, சிலவற்றுக்கு 1.8, மாறினாற் சிப்பே கருகவுங்கூடும். பின்னர் கவ்வியொன்றை மாட்டி, உள்ளிருந்ததை இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சேமித்தார். தொடரிலக்கமும் விண்டோஸ் உரிமச் சாவியும் அதே சிப்பில் இருப்பதுண்டு. இணையத்திற் கிடைத்ததை அப்படியே எழுதி அவற்றைத் தொலைப்பவர்கள் பலர். இவர் கெட்ட பகுதிக்கு மாத்திரம் புதியதை வைத்தார்.

முடுக்கியபின் சில நிமிடங்கள் திரை இருண்டே கிடந்தது. பையன் கை விசையை நோக்கிப் போயிற்று, முதியவர் தடுத்தார். முதன்முறை அது தன் நினைவகத்தை ஆராய்ந்துகொள்ளும்.

திரை விழித்தது; விழித்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தது, பயோஸ் மாறியதும் பூட்டு ஐயுற்றது. அந்த இலக்கங்கள் அவனுடைய மைக்ரோசொப்ட் கணக்கிலே பதிவாகியிருந்தன. என் கைத்தொலைபேசியில் அதைத் திறந்து நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவன் தட்டினான்.