சாய்ந்த தோப்பும் தந்தையின் திருவுளமும்



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையை மணமேல்குடிப் பகுதியில் நாம் யாரும் மறந்திருக்க முடியாது. வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னம்பிள்ளை ஒன்று காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளின் படிப்பு, மகளின் கல்யாணம் எல்லாவற்றுக்கும் தோப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் விடிந்ததும் வெறும் வானத்தைப் பார்த்து நின்றன.

ஆறுதல் சொல்லப் போன நாம், "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். இழந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் அந்தச் சொல் அவர்கள் மனத்தைத் தேற்றியதா? இழப்பு நம் வீட்டில் இல்லாதபோது அது நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், "செய்த பாவத்துக்குத் தண்டனை" என்றும் சொன்னார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே தெளிவாக்கிய பிறகு (லூக் 13:4-5), அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

கெத்சமனியில் இயேசு முதலில் சொன்னது என்ன? துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்றே மன்றாடினார். வியர்வை இரத்தத் துளிகளைப்போல் விழும் அளவுக்கு வேதனைப்பட்டார். அதற்குப் பிறகே தம்மைத் தந்தையின் கையில் ஒப்படைத்தார். ஆகவே அழுவதும் கேட்பதும் விசுவாசக் குறைவு அல்ல. அழுதபடியே தந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் விசுவாசம்.

நமக்கு அருகிலுள்ள ஓரியூர் மண்ணும் இதைத்தான் சொல்கிறது. 1686இல் மறவ நாட்டில் கைதாகிச் சித்திரவதைப்பட்ட புனித அருளானந்தர், சாவின் வாசலிலிருந்து விடுதலை பெற்றார். மறைசாட்சியாகும் பேறு கிடைக்காமல் போனதே என்று அவர் முடங்கிவிடவில்லை. சபைப் பணிக்காக ஐரோப்பா சென்றார்; 1690இல் இங்கே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தார். அதற்கு முந்தின நாளும் சிறையிலிருந்து தம் சக குருக்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வாழ்வு கிடைத்தபோது வேலை செய்தார். சாவு வந்தபோது தம்மைக் கையளித்தார். இரண்டிலும் அவர் கண்டது ஒரே தந்தையின் திருவுளம்.

திருவுளத்தை ஏற்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது அல்ல. சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, பக்கத்திலேயே புதுக் குழி வெட்டித் தென்னம்பிள்ளை நட்டவர்கள் நம் நடுவில் உண்டு. காய்க்கும்போது தாம் இருப்போமா என்று தெரியாத முதியவர்களும் தண்ணீர் ஊற்றினார்கள். நாம் செய்த மறையுரைகளைவிட அது பெரிய மறையுரை.

இனி துன்பப்படுகிற வீட்டுக்குப் போகும்போது விளக்கம் சொல்ல அவசரப்படாதிருப்போம். பக்கத்தில் உட்காருவோம், முடிந்த உதவியைக் கையோடு கொண்டுபோவோம். "ஆண்டவர் சித்தம்" என்ற சொல்லை முதலில் நம் சொந்தத் துன்பத்தில் சொல்லப் பழகுவோம்.

அன்புத் தந்தையே, புரியாத வேளையிலும் உம் கையை விடாதிருக்க எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.