நூல் நிலையங்களும் மேகக் கணிமையும்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டது 1887ஆம் ஆண்டில். பழந்தமிழ் நூல்களின் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவ்வலைச்சலுக்குக் காரணம் யாது? சுவடிகள் பல அழிந்துபோயின என்பது உண்மையே. ஆயினும் எஞ்சியவை எவருடைய வீட்டுப் பரணில், எந்த மடத்தில் கிடக்கின்றன என்று கூறத்தக்க பட்டியல் ஒன்று இல்லாமையே பெருங்குறையாக இருந்தது. நூல் இருந்தால் மட்டும் போதாது. அது இருக்குமிடம் தேடுவோர்க்குத் தெரிந்திருத்தலும் வேண்டும்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மிடையே இக்குறை இன்றும் ஓரளவு நீடிக்கின்றது. தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் நூல் நிலையங்களை நடத்தி வருகின்றன. அவையேயன்றி, உருக்காலைக் குடியிருப்புகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் சிறு தமிழ் மன்றங்கள் பல உண்டு. வேலை தேடி வந்த முன் தலைமுறையினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நூல்கள், அம்மன்றங்களின் அலமாரிகளை நிறைத்திருக்கின்றன.

நாம் சில காலம் பணிபுரிந்த வடநாட்டு நகரம் ஒன்றில் அத்தகைய மன்றம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ 2,000 நூல்கள். அவற்றின் பட்டியல் முழுவதும் ஒரே கணினியில். பொறுப்பாளர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்; கணினியும் சில மாதங்களில் பழுதுற்றது. என்னென்ன நூல்கள் உள்ளன என்பதை அறியாத புதிய குழுவினர், இடநெருக்கடி காரணமாக அவற்றைப் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டனர். நாம் செய்தி அறிந்து சென்றபோது மூன்று சாக்குகளே எஞ்சியிருந்தன. பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் கட்டடம் செய்து வழங்கியிருந்த ‘கலைமகள்’ தொகுதிகள் அவற்றுள் இல்லை. யாரையும் குறை கூறி என்ன பயன்? பட்டியல் மட்டும் வேறோரிடத்தில் இருந்திருப்பின், அத்தொகுதிகளின் மதிப்பை எவரேனும் எடுத்துச் சொல்லியிருப்பர்.

இத்தகைய இழப்பைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று மேகக் கணிமை. பெயரைக் கேட்டு மயங்க வேண்டுவதில்லை. பொறியாளர்கள் கணினி இணைப்புகளை வரைபடமாக வரையுங்கால், தம் கட்டடத்துக்கு அப்பாற்பட்ட வலையமைப்பை மேகத்தின் உருவால் குறிப்பது வழக்கம். அவ்வழக்கமே பெயராயிற்று. உண்மையில் இம்மேகம் தரையில்தான் இருக்கின்றது. இடையறாத மின்சாரமும் குளிரூட்டும் வசதியும் கொண்ட பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். இவற்றைத் தரவு மையங்கள் என்பர். நம் மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் தில்லி, புணே, ஹைதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் இத்தகைய மையங்களை நடத்துகின்றது. அரசு அலுவலகங்களுக்கென ‘மேகராஜ்’ என்னும் பெயரில் மேகச் சேவை 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

பெரிய வீடொன்றைப் பல குடித்தனங்களுக்குப் பிரித்து வாடகைக்கு விடுவதை நாம் பார்த்திருக்கின்றோம். அதுபோலவே, ஆற்றல் மிக்க ஒரு கணினியை மென்பொருளின் துணையால் பல பகுதிகளாகப் பிரித்துப் பலருக்கு அளிக்கலாம். ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் கணினி இருப்பதாகவே கருதிப் பயன்படுத்துவர். தேவை மிகுந்தால் இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் குறைத்துக்கொள்ளலாம், பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்தினால் போதும். மின்சாரம் வேண்டுவோர் வீட்டுக்கு வீடு மின் நிலையம் அமைப்பதில்லை அல்லவா? கணிப்புத் திறனையும் அவ்வாறே பொதுப் பயன்பாடாக அமைக்கும் காலம் வரலாம் என்று அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961ஆம் ஆண்டிலேயே கூறினார்.

இதனை நூல் நிலையம் எவ்வாறு பயன்படுத்தும்? வெறும் இடத்தையும் பெறலாம். ஆயத்தமான மென்பொருளோடு சேர்த்தும் பெறலாம். சிறு நூல் நிலையத்துக்குப் பின்னதே ஏற்றது. நியூசிலாந்து நாட்டின் சிறு நகர நூலகம் ஒன்றுக்காக உருவாக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் பயனுக்கு வந்த ‘கோஹா’ என்னும் மென்பொருள் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். பெயருக்கேற்ப, மென்பொருளுக்கு விலையில்லை. அதனை வைத்து நடத்தும் இடத்துக்கும் பராமரிப்புக்குமே செலவு. நம் அரசு நூலகங்களுக்காகத் தேசியத் தகவலியல் மையம் ‘இ-கிரந்தாலயா’ என்னும் மென்பொருளை மேகத்தின் வழியே அளித்து வருகின்றது.

இவற்றின் பயன்களுள் தலையாயது கூட்டுப் பட்டியல். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 54 கல்லூரிகள் ஒன்றுகூடி இம்முயற்சியைத் தொடங்கின. 1971 முதல் அவை ஒரே கணினியில் பட்டியலிட்டன. ஒரு நூலை ஒரு நூலகம் விவரமாகப் பதிந்துவிட்டால், அதே நூலை உடைய மற்றொரு நூலகம் தன் குறியீட்டை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்தாற்போலாயிற்று. அன்று அதற்குப் பெரும் பொருள் தேவைப்பட்டது. இன்று ராஞ்சியிலோ நாகபுரியிலோ உள்ள பத்து அலமாரி நூல் நிலையமும் ஒரு கைப்பேசியைக் கொண்டே அத்தகைய பட்டியலில் சேரக்கூடும்.

இவ்விடத்தில் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களை நினைவுகூர்தல் தகும். சென்னையிலும், பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பணியாற்றியவர் அவர். நம்மைப் போலவே வெளி மாநிலங்களில் வாழ்ந்தவர். நூல்கள் முடங்கிக் கிடத்தலாகாது, வாசகரின் காலம் வீணாதலாகாது என்பன அவர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கைகளின் சாரம். பொறிகள் மாறினும் அக்கொள்கைகள் மாறவில்லை.

எனினும் தமிழ் நூல்களைப் பட்டியலிடுவதில் தனிச் சிக்கல்கள் உண்டு. மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு இவை நாளும் எதிர்ப்படுவன. தொடக்கத்தில் நாம் கூறிய ஐயரவர்களின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், உ. வே. சா. என்று அது பலவாறு எழுதப்படுகின்றது. ஆங்கில எழுத்தில் எழுதினாலோ வேறுபாடுகள் இன்னும் பெருகும். மனிதர் ஒருவரே என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது. ஒரு வடிவத்தைத் தலைமை வடிவமாகக் கொண்டு, ஏனையவற்றை அதனோடு இணைத்துக் காட்டினாலன்றித் தேடுவோர்க்கு நூல் அகப்படாது. தலைப்பெழுத்தை முன்னே எழுதும் நம் வழக்கமும் இவ்வாறே குழப்பம் விளைவிப்பதாகும். அன்றியும், யூனிகோடு முறை பரவுமுன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்களை அப்படியே ஏற்றினால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுதல் வேண்டும்.

மேகத்தில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாமோ? ஆகாது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரிலிருந்த அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த பெருந்தொகுப்பு ஒன்று எரிந்தது. அதற்கு வேறிடத்தில் படி எடுத்து வைக்கப்படவில்லை. மறுபுறம், 2023 அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன் முதன்மைப் பட்டியல் 2024 ஜனவரியில்தான் மீண்டும் வாசகர்க்குக் கிட்டியது. அப்போது அந்நூலகம் மேகத்தில் வைத்திருந்த நிதி, ஊதியக் கணக்குகள் தடையின்றி இயங்கின. இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் உண்மை விளங்கும். மேகமே காக்கும் என்பதுமில்லை, கெடுக்கும் என்பதுமில்லை. ஒரே இடத்தில் ஒரே படி என்னும் நிலைதான் அபாயம்.

ஆகவே மன்றங்கள் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம். மாதம் ஒருமுறை பட்டியலின் படியொன்றை இறக்கி, வேறோர் ஊரில் உள்ள உறுப்பினரிடம் ஒப்படைக்க வேண்டும். பிற மென்பொருள்களும் ஏற்கத்தக்க பொது வடிவத்தில் பட்டியலைப் பெற முடியுமா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்டறிய வேண்டும். இல்லையேல், சேவையை மாற்ற விரும்பும் நாளில் நம் பட்டியலே நமக்குக் கிட்டாமற் போகலாம். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தல் கூடாது. யார் எந்த நூலை வாசித்தார் என்னும் குறிப்பை, நூல் திரும்பியதும் நீக்கிவிடுதல் முறை. நூல்களைப் படமெடுத்து ஏற்ற விரும்புவோர் பதிப்புரிமையையும் கருத வேண்டும். நம் நாட்டில் அவ்வுரிமை பொதுவாக ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பட்டியலை வெளியிடவோ இத்தடை எதுவும் இல்லை.

இத்துணைக்கும் வேண்டிய பொருட்செலவு பெரிதன்று. வேண்டுவது உழைப்பு. ஞாயிறு தோறும் இருவர் அமர்ந்து, ஒருவர் நூலை எடுத்துப் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை வாசிக்க, மற்றவர் பதிந்து வந்தால், சில மாதங்களில் ஒரு மன்றத்தின் பட்டியல் முடிந்துவிடும். வாசிப்பவர் பாட்டனாராகவும் பதிபவர் பேரப்பிள்ளையாகவும் இருப்பின் இன்னும் நன்று. வீட்டில் தமிழ் பேசியும் எழுத்தறியாத நம் பிள்ளைகள் பலர், நூற்பெயர்களைத் தட்டச்சு செய்தே எழுத்துகளைக் கற்றுக்கொள்வர்.

அன்று ஐயரவர்கள் கால்நடையாகவும் வண்டியிலும் சென்று தேடினார். இன்று தேடுவோர் இருந்த இடத்திலிருந்தே தேடலாம். ஆனால் தேடினால் கிடைக்கும்படி முதலில் ஒருவர் எழுதி வைத்திருத்தல் வேண்டும். அவ்வேலையை எந்த மேகமும் நமக்காகச் செய்யப்போவதில்லை. அடுத்த சாக்கு மூட்டை கட்டப்படுமுன் நம் அலமாரிகளைத் திறப்போமாக.