காது குடையும் வழக்கம்

(ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சற்று முன் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபொழுது உங்களில் நால்வர் காது குடைந்துகொண்டிருந்ததைக் கண்டேன். ஒருவர் கையில் கோழியிறகு. ஒருவர் கையில் ஊக்கு. மற்ற இருவரும் தீக்குச்சியோடு திருப்தியடைந்தார்கள். கணக்கெழுதும் பேனாக்கட்டையும் இவ்வேலைக்குத் தப்பியதாகத் தெரியவில்லை. இதை யாவரும் சுகமான பொழுதுபோக்கென்றே கருதுகிறோம். இதனால் உயிருக்கே அபாயம் நேரக்கூடும் என்பதைச் சொல்லவே வந்தேன்.

காதிலுள்ள குறும்பி அழுக்கன்று. தூசியைத் தடுத்துக் கிருமிகள் பெருகாமல் காப்பதற்காகத் தேகமே அதை உண்டாக்குகிறது. காதுத் துவாரத்தின் தோல் உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்ல நகரும் தன்மையுடையது. நாம் உணவை மெல்லும்போது தாடை அசைவதும் அதற்குத் துணை. ஆகவே பழைய குறும்பி தானே வெளியே வந்து உதிர்கிறது. குச்சியோ அதை உள்ளே தள்ளி அடைக்கிறது. அடைத்ததும் காது மந்தமாகிறது. மந்தம் தீர மீண்டும் குடைகிறோம்!

பெரியவர்களுக்கும் அத்துவாரத்தின் நீளம் சுமார் 1 அங்குலமே. அதன் முடிவிலுள்ள செவிப்பறை, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனமுள்ள சவ்வு. குடைகிறவர் முழங்கையை ஓடிவரும் குழந்தை இடித்தால் போதும், அது கிழிந்துவிடும். அதற்கப்பால் சப்தத்தை உட்செலுத்தும் 3 சிறு எலும்புகளும், முகத்தை அசைக்கும் நரம்பும் உள்ளன. அவ்வறைக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு ஒன்றே தடுப்பு.

சிறு கிழிசல், நீர் படாமல் காத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். நம்மவரோ காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறார்கள். குளத்தில் மூழ்கியும் குளிக்கிறார்கள். சீழ் பிடிக்கிறது. வலி அதிகமில்லை, ஆகவே அறுப்பு முடியட்டும், தவணை கட்டியாகட்டும் என்று வருஷங்கள் கழிகின்றன. அதற்குள் சிலருக்குச் சீழ் எலும்பை அரித்து மூளையை எட்டிவிடுகிறது. நெடுநாள் சீழ் வடிந்த காதுடையவருக்குக் காய்ச்சல், கடுந்தலைவலி, வாந்தி, மயக்கம், முகம் ஒருபுறம் கோணுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சீழ் நின்றுவிட்டதே என்று அச்சமயம் மகிழலாகாது.

கிழிந்த பறையை, தேகத்தின் வேறிடத்துச் சவ்வை எடுத்து ஒட்டும் ரணசிகிச்சை இப்பொழுது உண்டு. காது அடைத்திருந்தால் வைத்தியர் கண்ணால் பார்த்துக் குறும்பியை எடுப்பார். வீட்டில் குளித்தபின் வெளிமடலைத் துணியால் துடைத்தலே போதும்.

இக்கட்டடத்தின் கூரையிலே சொருகியிருக்கும் கோழியிறகுகளை இன்றே எடுத்தெறியும்படி காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.