கிரேனுக்கு முன்னால் தொட்டி



நீருக்கடியில் கிடக்கும் போர்க்காலக் கவச வாகனங்களை மீட்பது பற்றிய கருத்தரங்கு இது. மீட்புக்கு ஆதரவாகப் பேசுவேன் என்று நம்பித்தான் என்னைத் தலைமைக்கு அழைத்திருப்பார்கள். பாதி ஆதரவு தரலாம், மறுபாதி நிபந்தனைதான்.

நம்மில் பலருக்கு இந்த ஆசையை ஊட்டியது எஸ்தோனியாவின் குர்ட்னா மட்டாஸ்யார்வ் ஏரி. சோவியத் தயாரிப்பான டி-34 டாங்கி ஒன்று ஜெர்மானியரிடம் சிக்கி, அவர்களுடைய சிலுவைக் குறியைத் தாங்கிப் போரிட்டு, 1944இல் அவர்கள் பின்வாங்கியபோது அந்த ஏரிக்குள் போனது. 2000 செப்டம்பரில் ஒரு கொமாட்சு புல்டோசர் அதைக் கரைக்கு இழுத்தது. 56 ஆண்டு நீரில் கிடந்தும் துரு சொற்பம். குறிகள் அழியவில்லை. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் இருந்தன. டீசல் எஞ்சினைப் பின்னர் ஓடவும் வைத்தார்கள். படத்தைப் பார்த்த எவருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அது நன்னீர். அடியில் காற்றுப் புகாத கரிச்சேறு. பாதுகாப்பு வேலையை அந்தச் சேறே செய்து முடித்திருந்தது.

கடல் அப்படி விடாது. உப்பிலுள்ள குளோரைடு துருப்படலத்தைத் துளைத்து, இரும்பை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீருக்குள் இருக்கும்வரை சிதைவு மெதுவாக நடக்கும். வெளியே எடுத்து உலரவிட்டால் அந்தக் குளோரைடு காற்றுடன் சேர்ந்து அமிலமாகிறது. புதிய துரு உப்பி, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. கடலடியில் அரைநூற்றாண்டு தாங்கிய இரும்பு கரையில் பத்தாண்டு தாங்காமல் போவது இப்படித்தான்.

பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1 இதற்குப் பாடம். 1913இல் மூழ்கியது, 1982இல் மீட்கப்பட்டது. மேலே பூச்சுப் பூசிக் காட்சிக்கு வைத்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் உள்ளுக்குள் அரிப்பு தொடர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மறுபடி பெரிய தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்த பிறகுதான் பிழைத்தது.

டாங்கி இதைவிடச் சிக்கலானது. கவசம் எஃகு, பல எஞ்சின்களில் அலுமினியம், குழாய்களில் பித்தளை, சக்கரங்களில் ரப்பர். உப்புநீரில் இந்த உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம்போல் வினைபுரியும். அலுமினியம் முதலில் கரையும். எஃகைக் காப்பாற்றும் காரக்கரைசலோ அலுமினியத்தைத் தின்றுவிடும். எனவே ஒரே தொட்டி போதாது. பிரித்தெடுத்துத் தனித்தனியே பார்க்க வேண்டும். இந்த வேதியியல் நமக்குப் புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய ஆய்வகம், செப்புத் திருமேனிகளில் ஊறிய குளோரைடை மின்பகுப்பால் நீக்கிய அனுபவம் உடையது. முப்பது டன் எஃகுக்கு முன்னால் அளவுதான் மலைக்க வைக்கிறது.

இங்கிலாந்தின் டார்க்ராஸில் ஒரு ஷெர்மன் டாங்கி நிற்கிறது. 1944 ஏப்ரலில் ஸ்லாப்டன் கடற்கரை ஒத்திகையின்போது ஜெர்மன் விரைவுப்படகுகள் தாக்கியதில் அமெரிக்கர் 749 பேர் மாண்டனர். அந்த ஒத்திகைக் காலத்தில் மூழ்கிய இந்த டாங்கியை, விடுதி நடத்திய கென் ஸ்மால் என்பவர் அமெரிக்க அரசிடம் 50 டாலருக்கு வாங்கி, 1984இல் கரையேற்றினார். இன்றும் அது திறந்தவெளியில், உப்புக்காற்றில் நிற்கிறது. நினைவுச்சின்னம் என்ற வகையில் நான் குறை காணமாட்டேன். பெரிய அமைப்புகள் பேசாதிருந்த ஒன்றைத் தனிமனிதர் பேசவைத்தார். அருங்காட்சியகப் பொருளாக மட்டும் அதை முன்மாதிரி என்று சொல்லாதீர்கள்.

எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவே. அதே இங்கிலாந்தின் பிராக்கிள்ஷாம் விரிகுடாவில், நார்மண்டி தரையிறக்கத்துக்குச் சென்ற படகிலிருந்து கவிழ்ந்த இரண்டு சென்டார் டாங்கிகளும் இரண்டு கவச புல்டோசர்களும் கடலடியிலேயே கிடக்கின்றன. 2019இல் அவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அதற்குப் பழஞ்சின்னங்கள் சட்டத்தை நாட வேண்டியிருந்தது. ஏனெனில் அந்நாட்டின் போர் எச்சங்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல், விமானங்களைப் பற்றித்தான் பேசுகிறது. 2001இன் யுனெஸ்கோ உடன்படிக்கையும் நூறாண்டு நீரில் கிடந்தவற்றையே கணக்கில் கொள்வதால், 1944இல் மூழ்கிய டாங்கி 2044 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கொள்ளையர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

என் நிபந்தனை இதுதான். உள்ளே மனித எச்சம் உண்டா, வெடிகுண்டு உண்டா, உரிமை யாருடையது, ஊறவைக்கத் தொட்டியும் பல ஆண்டுச் செலவுக்குப் பணமும் உண்டா என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தூக்கக்கூடாது.

முதலில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் மீட்பு நுட்பம் காலையிலும் பாதுகாப்பு கடைசி அமர்விலும் இருந்தன. மாற்றும்படி அமைப்பாளர்களைக் கேட்டேன். பெரிய மனதுடன் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே வேதியியலாளர்கள் இப்போது பேசுவார்கள். கிரேன்காரர்களுக்கு மதிய உணவுக்குப் பிறகு.