சுட்டிக் காட்டிய கல்

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சென்றால் சாளுவன்குப்பம் என்னும் சிற்றூரை அடையலாம். புலிக்குகை அங்கே இருப்பதால் மாணவர்களாகிய உங்களிற் பலர் சுற்றுலாவின்போது அவ்வூரைக் கண்டிருக்கக் கூடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. செல்லும்போது கரையிற் படிந்திருந்த மணலையும் அரித்துச் சென்றது. அப்போது வெளிப்பட்ட பாறையொன்றில் பழைய எழுத்துகள் காணப்பட்டன. அவற்றுள் சோழன் முதற் பராந்தகன் காலத்துச் செய்தியும் இருந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்துச் செய்தியும் இருந்தது. திருவீழ்ச்சில் என்னும் ஊரிலுள்ள சுப்பிரமணியர் கோயிலை அவை குறிப்பிட்டன. திருவீழ்ச்சில் என்பது சாளுவன்குப்பத்தின் பழம்பெயர். ஊர் தெரிந்தது, கோயில் எங்கே?

கண்ணுக்குத் தெரிந்த அளவில் அங்கே அப்படியொரு கோயில் இல்லை. கல்வெட்டறிஞர் எஸ். இராசவேலு, அருகிலிருந்த மேடொன்றே அக்கோயிலின் இடமாகலாம் எனக் கண்டார். 2005ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அம்மேட்டை அகழ்ந்தனர். மணலுக்குள்ளிருந்து பல்லவர் காலக் கோயில் வெளிப்பட்டது. அதற்கும் அடியில் அதனினும் பழைய செங்கற் கட்டடம் ஒன்று கிடைத்தது. அச்செங்கற் பகுதி சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள்.

தொல்லியல் பற்றிப் பேச நான் வரவில்லை. வலைத்தளம் ஒன்று தேடுவோர் கண்ணில் எங்ஙனம் படுகிறது என்பதே இன்றைய பொருள். ஆயினும் அப்பொருளின் உயிர்நிலை முழுவதும் சாளுவன்குப்பத்துப் பாறையில் அடங்கியிருக்கிறது. மண்ணுள் மறைந்த கோயிலொன்று, "நான் இங்கே இருக்கிறேன்" என்று தானே சொல்லிக்கொள்ளவில்லை. வேறோரிடத்தில், வேறு கைகள் பொறித்த எழுத்து அதனைச் சுட்டியது. அச்சுட்டின் வழியே தேடுவோர் சென்றனர். இணையத்தில் ஒரு தளம் மற்றொரு தளத்தைச் சுட்டுவதை இணைப்பு என்கிறோம். பிறர் தளத்திலிருந்து நம் தளத்திற்கு வரும் இணைப்பைத் தொழில் அறிந்தோர் பேக்லிங்க் என்பர்.

இணையம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொற்களையே பார்த்தன. ஒருவர் "சிற்பம்" என்று தேடினால், அச்சொல் மிகுதியாக வரும் பக்கத்தை முன்னே வைத்தன. இதில் உள்ள குறை உங்களுக்கே விளங்கும். தன் பக்கத்தில் ஒரு சொல்லை நூறு முறை எழுதிக்கொள்வதற்கு எவருக்கும் அறிவு வேண்டுவதில்லை. 1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் வேறொரு வழியை விளக்கி எழுதினர். பேஜ்ரேங்க் என்று அதற்குப் பெயர். ஜம்முவிற் பிறந்த ராஜீவ் மோட்வானி என்னும் பேராசிரியரும் அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டவர். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு நில்லாமல், பிறர் அதனை எவ்வளவு சுட்டுகின்றனர் என்பதையும் அவர்கள் கணக்கிட்டனர். இவ்வெண்ணம் முற்றிலும் புதிதன்று. யூஜின் கார்பீல்டு என்னும் அறிஞர், எந்த ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்துணை முறை மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுத்து 1960களிலேயே அட்டவணை வெளியிட்டார்.

கணக்கு எப்படி நடக்கிறது? மாமல்லபுரத்தில் ஒரு வழிப்போக்கன் திரிவதாகக் கொள்வோம். வழிகாட்டிப் பலகை காட்டும் திசைகளுள் ஏதேனும் ஒன்றில் அவன் செல்கிறான். அங்குள்ள பலகை காட்டும் மற்றோரிடத்திற்குப் போகிறான். இடையிடையே சலிப்புற்று, பலகை எதனையும் பாராமல் பேருந்தேறித் தொடர்பில்லாத வேறோரிடத்தில் இறங்கிவிடுகிறான். நெடுங்காலம் இவ்வாறு திரிபவன் எந்த இடத்தில் மிகுதியாக வந்து சேர்கிறானோ அந்த இடத்திற்கு மதிப்பு மிகுதி. நூற்றுக்கு 85 முறை பலகையைப் பின்பற்றுவான், 15 முறை தன் விருப்பப்படி தாவுவான் என்று அவர்கள் கணக்கு வைத்தார்கள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். பலர் சுட்டும் இடம் சுட்டினால் அச்சுட்டுக்கு வலிமை மிகுதி. எவரும் நாடாத மூலையிலுள்ள பலகை சுட்டினால் பயன் சிறிது. மற்றொன்று, மதிப்பு பங்கிடப்படுகிறது. 10 கழஞ்சுப் பொன்னுள்ள ஒருவர் 5 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 2 கழஞ்சு கிடைக்கும். 100 பேருக்குப் பகிர்ந்தால் ஒரு கழஞ்சில் பத்திலொரு பங்குதான். எண்ணற்ற தளங்களைக் கண்மூடித்தனமாகப் பட்டியலிடும் பக்கத்தில் நம் பெயரும் இருப்பதனால் பெரும்பயன் ஏன் இல்லை என்பது இதனால் விளங்கும்.

சாளுவன்குப்பத்துப் பாறையை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். மூன்றாம் கிருட்டிணனின் படைக்கும் சோழர் படைக்கும் 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் நடந்த போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் உயிர் துறந்தான். பகைவர்களான இரு மன்னர் காலத்து எழுத்துகளும் ஒரே கோயிலைச் சுட்டுகின்றன. கலந்து பேசிக்கொண்டு சொன்ன சான்று அன்று அது. தனித்தனியே நின்று சொன்ன சான்று. ஒருவரே பத்துப் பெயரில் எழுதிக்கொண்ட பத்துச் சான்றுகளைவிட, தொடர்பற்ற இருவரின் சான்று பெரிது. தேடுபொறியும் இதனையே விரும்புகிறது.

எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவர் மாமல்லபுரத்தில் இருக்கிறார். அவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் வெளியூரார் இணையத்தில் தேடும்போது, உளி பிடித்தறியாத இடைத்தரகர்களின் தளங்களே முதலில் வருகின்றன என்பது அவர் குறை. சிலை வாங்குவோர் தரும் விலைக்கும் சிற்பியின் கைக்கு வரும் கூலிக்கும் இடையே எத்துணை தூரம் என்பதை அவர் சொல்லக் கேட்டால் இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று என்பது புரியும். அவருடைய தளத்திற்கு ஐயாயிரம் இணைப்புகள் பெற்றுத் தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் பெற்றார். இணைப்புகளும் வந்தன! மருந்துக் கடை, சூதாட்டம், அயல்நாட்டு வாடகை வீடு என்று ஒன்றோடொன்று ஒட்டாத தளங்களிலிருந்து வந்தன. வாடிக்கையாளர் ஒருவர்கூட அவ்வழியே வரவில்லை.

அவர்பால் எனக்கு இரக்கமேயன்றி வியப்பில்லை. கணக்கு உள்ள இடத்தில் கள்ளக் கணக்கும் தோன்றும். இணைப்பு விற்பதற்கென்றே தளங்களைப் படைத்து, ஒன்றையொன்று சுட்டச் செய்யும் வாணிகம் உலகெங்கும் பெருகிற்று. அதனை ஒடுக்க, 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்குவின் என்னும் பெயரால் கூகுள் ஒரு மாற்றத்தைச் செய்தது. இணைப்பை விலைக்கு வாங்கிய தளங்கள் பல ஒரே நாளில் பின்னுக்குப் போயின. 2016 முதல், அத்தகைய போலி இணைப்புகளைப் பெரும்பாலும் எண்ணாமலே தள்ளிவிடுகிறது. ஆகவே அவற்றிற்குக் கொடுக்கும் பணம் கடலில் எறிந்த கல்தான். விளம்பரமாகக் கொடுத்த இணைப்பை விளம்பரம் என்று குறித்துவிட வேண்டும் என்பதும் விதி. அதற்கான குறிகளுள் ஒன்று 2005இலும் மற்றொன்று 2019இலும் ஏற்பட்டன. விக்கிப்பீடியாவில் போய்த் தம் தளத்தின் பெயரை ஒட்டிவிட்டு வருவோரும் உண்டு. அங்கிருந்து வெளியே செல்லும் இணைப்புகள் 2007 முதல் மதிப்புக் கணக்கிற் சேராத குறியுடனே செல்கின்றன என்பதை அவர்கள் அறியார் போலும்.

அச்சிற்பி பின்னர்ச் செய்தது எளிய செயல். கல்லைத் தட்டி ஒலி கேட்டு எங்ஙனம் தேர்கிறார்கள், தாலம் என்னும் அளவுமுறையால் உருவத்தின் உறுப்புகளை எங்ஙனம் வகுக்கிறார்கள், எந்த வேலைக்கு எந்த உளி என்பனவற்றைத் தம் பட்டறைப் படங்களோடு எழுதி வைத்தார். கட்டடக் கலை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்கான பக்கத்தில் அதனைச் சுட்டினார். பிறகு மெல்ல மெல்ல வேறு சிலரும் சுட்டினர். எண்ணிக்கை இருபதைத் தாண்டியிராது. ஆயினும் அவ்விணைப்புகளின் வழியே வந்தவர்கள் சிற்பம் பற்றி அறிய விரும்பி வந்தவர்கள். இடைத்தரகர்களின் தளங்கள் இன்னும் முன்னேதான் நிற்கின்றன. ஆனால் இவருடைய பெயரைத் தேடினால் இவரே வருகிறார், இவரை நேரே கேட்போரும் சிலர் உளர்.

தமிழுலகில் இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கப்பெற்று, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்து, தமிழ் இலக்கிய நூல்களை எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைத்தனர். தமிழ் நூல் பற்றி எழுதுகிறவர்கள் அதனைச் சுட்டாமலிருப்பது அரிது. எவரும் அவர்களைக் கெஞ்சவில்லை. எவருக்கும் விலை கொடுக்கவில்லை. வேறெங்கும் கிடைக்காத பொருள் அங்கே கிடைத்தது.

செங்கற்பட்டு மாவட்டத்து மாணவருக்கு அத்தகைய பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் நத்தைகுத்தி நாரையையும் கூழைக்கடாவையும் வாரம் ஒருமுறை எண்ணி, நாள், நேரம், நீர்மட்டம் ஆகியவற்றோடு மூன்றாண்டு அட்டவணை இட்டு வைத்தவருடைய பக்கத்தைப் பறவையியலார் தேடி வந்து சுட்டுவர். 2022இல் அவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. அதனால் அதைப் பற்றி எழுதுவோர் உலகெங்கும் உளர். சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டையிலுள்ள கல்லறைகளைப் படமெடுத்து எழுத்துகளைப் படித்து வைத்தாலும் அப்படியே. பிற தளங்களிலிருந்து எடுத்து ஒட்டிய "காண வேண்டிய பத்து இடங்கள்" என்னும் பக்கத்தை எவர் சுட்டுவர்? மூலமே இருக்க, நகலைச் சுட்டுவார் இல்லை.

எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. அத்துறையில் எழுதுகிறவர்களுக்கு, அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "தங்கள் கட்டுரையின் இன்ன பகுதிக்கு என் அட்டவணை துணையாகலாம்" என்று இரண்டு வரி மடல் எழுதுவதில் இழுக்கில்லை. ஒரே மடலை ஆயிரம் பேருக்கு அனுப்புவதுதான் இழுக்கு. சுட்டுகின்ற சொல்லும் நோக்கத்தக்கது. "இங்கே காண்க" என்ற சொல்லில் இணைப்பைப் பொருத்தினால் தேடுபொறிக்குப் பொருள் எதுவும் தெரிவதில்லை. "வேடந்தாங்கல் பறவைக் கணக்கு" என்ற சொல்லிற் பொருத்தினால் தெரிகிறது. பாறையில் "ஒரு கோயில்" என்று மட்டும் இருந்திருந்தால் இராசவேலு எந்த மேட்டை நோக்கியிருப்பார்? ஊர்ப்பெயரும் தெய்வத்தின் பெயரும் சேர்ந்திருந்ததனாலன்றோ வழி தெரிந்தது.

இம்முறை குற்றமற்றது என்று நான் சொல்லமாட்டேன். முன்னரே புகழ் பெற்றவரைப் பலரும் சுட்டுவர். சுட்டச் சுட்ட அவர் மேலும் முன்னே வருவார். புதியவர் பின்னே நிற்பார். ஆங்கிலத்தில் எழுதியோர் மிகுதி. ஆகையால் சுட்டுவோரும் மிகுதி. தமிழிற் செம்மையாக எழுதப்பட்ட பக்கம் சுட்டுவாரின்றிக் கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இன்று தேடுபொறிகள் இணைப்பைத் தவிரப் பல குறிகளையும் சேர்த்தே கணக்கிடுகின்றன என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் இதற்கு நம்மிடமும் ஒரு மருந்து உண்டு. தமிழில் எழுதும்போது, நாம் எவரிடமிருந்து செய்தி பெற்றோமோ அவர் பக்கத்திற்கு இணைப்புத் தருகிறோமா? பெரும்பாலும் தருவதில்லை. செய்தியை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறோம்.

இறுதியாக, முகவரி பற்றி ஒன்று. பாறையிலுள்ள எழுத்து ஆயிரம் ஆண்டு அசையாமல் இருந்தது. வலைத்தள முகவரியோ, தளத்தைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. மாற்றியவுடன் பிறர் தந்த இணைப்புகள் அனைத்தும் வெற்றிடத்தைச் சுட்டுகின்றன. வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998இலேயே எழுதினார். மாற்றித்தான் ஆகவேண்டுமெனில், பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் தானே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். 301 என்னும் எண்ணால் அதனைக் குறிப்பர். வேடந்தாங்கல் அட்டவணையைத் தொடங்க எண்ணுவோர் முகவரியை முதலிலேயே தேர்ந்துகொள்வது நன்று. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நவம்பர் வாக்கில் பறவைகள் வரத் தொடங்கிவிடும்.